பொண்ணுங்க கூலி

ஷேக் பரீத் முதலாளி எனக்குத் தர வேண்டியது ஐயாயிரத்து நானூற்று இருபது ரூபாய். தாராவியில் அவருக்குத் தோல்பை பட்டறை. நூற்று நாற்பத்தாறு பைக்குக் கைப்பிடியைக் கையால் தைத்தேன். காரிகர், அதாவது தேர்ந்த கைவினைஞர், தைத்தால் பைக்கு எழுபது. என்னைப் பற்று நோட்டில் ‘பொண்ணுங்க’ பக்கத்தில் எழுதி, பன்னிரண்டு நாளைக்கு நானூறு வீதம் கொடுத்துக் கையைக் கழுவிவிட்டார். எனக்கு ஐம்பத்தொரு வயது.

கேட்டால், “காரிகர்னா ஆம்பளதாம்ளா. மிஷின்ல உக்காந்திருக்கானே காலித், அவன் காரிகர்” என்றார்.

நேற்று இஸ்தான்புல்லிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கூடவே ஏற்றுமதி ஆபீஸில் துருக்கி மொழி பேசுகிற சாயிமா. வியாபாரி நான் தைத்த கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

“‘ஆதம் கிபி’ங்காரு. ஆம்பள மாதிரின்னு அர்த்தம். வேலை சுத்தமா இருந்தா அங்க அப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள் சாயிமா.

“பொம்பள செஞ்சிருந்தா?” என்று கேட்டேன்.

“அதுக்கும் அதேதான். ஃபேக்டரில வேலை பாக்குற பொம்பளைங்கள, எத்தன வயசானாலும், ‘கிஸ்லார்’னு கூப்பிடுவாங்க மாமி. பொண்ணுங்கன்னு.”

கடல் தாண்டியும் இதே கதைதானா?

தைத்தவரை நேரில் பார்க்க வேண்டும் என்றார் வியாபாரி. முதலாளி அவசரமாகக் காலித்தை இழுத்து உட்கார வைத்தார். மிஷினை விட்டால் அவனுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. இரண்டு ஊசியை எதிரெதிரே விட வேண்டிய துளையில் ஒன்றை மட்டும் விட்டான். நாலாவது குத்தில் விரலில் ரத்தம். வியாபாரி பையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏளா சுலைகா, வந்து உக்காரு” என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“மொதல்ல பாக்கிய வைங்க.”

“வந்தவுக முன்னால மானத்த வாங்காதளா. பொறவு பேசிக்கிடலாம்.”

“பன்னெண்டு நாளு எம் முதுகு ஒடிஞ்சப்ப எங்க போச்சு ஒங்க மானம்? சாயிமா, தச்சது நாந்தான்னு அவருகிட்ட சொல்லு. ஆம்பள மாதிரியும் இல்ல, பொண்ணு மாதிரியும் இல்ல. சுலைகா தச்சதுன்னு சொல்லு.”

சொன்னாள். வியாபாரி என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி கல்லாவைத் திறந்து பணத்தை நீட்டினார். வாங்கி எண்ணினேன். இருபது ரூபாய் குறைந்தது.

“சில்லறை இல்லளா.”

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. காலித் சட்டைப்பையைத் துழாவினான்.

“நீ வைடா. கடன் ஒன்னுது இல்ல.”

முதலாளி கீழே டீக்கடைக்குப் போய் ஐந்நூறை மாற்றிக்கொண்டு வந்தார். அந்த இருபதையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே காலித்தை எழுந்திருக்கச் சொன்னேன்.