மேல்பக்கத்துப் பட்டை

"ஆணி கழன்று படம் விழுந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். குடித்துவிட்டு மேலே சாய்ந்திருப்பார்கள், இல்லை பெண்டாட்டி மேல் எறிந்திருப்பார்கள். அதனால் ரொட்டி வண்டி ஓட்டும் டெரிக் ஒரு போர்வை மூட்டையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்து ஆணிக் கதையை ஆரம்பித்தபோது நான் காதில் வாங்கவில்லை. போர்வையைப் பிரித்தேன்.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில், மீன் துறைக்குப் போகிற தெருவில் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவனிடம் கப்பல் படம்தான் வரும். இதுவும் கப்பல்தான். லெகட் கேப்டன் இருபது வருஷம் ஐஸ்லாந்துப் பக்கம் ஓட்டிய மீன்பிடிக் கப்பல், நீர்வண்ணத்தில். கண்ணாடி நொறுங்கியிருந்தது. சட்டத்தின் ஒரு மூலை பிளந்திருந்தது. அதெல்லாம் சில்லறை வேலை. சிக்கல் படத்தைச் சுற்றியிருந்த அட்டையில்தான். அட்டையில் வெட்டிய சன்னலின் உள்விளிம்பில், நான்கு பக்கமும் விரல் நகம் அகலத்துக்குத் தங்கத் தகடு ஒட்டிய மரப் பட்டை பதித்திருந்தார்கள். கீழ்ப்பக்கத்துப் பட்டையைக் காணோம்.

எங்கே என்று கேட்டேன். கண்ணாடித் தூளோடு சேர்த்துப் பெருக்கி அடுப்பில் போட்டுவிட்டானாம்.

"துண்டு துண்டாப் போச்சு பெரியவரே. இனி எதுக்கு ஆவும்னு நெனச்சேன்."

"துண்டு இருந்தா ஒட்டியிருப்பேன். சாம்பலை எப்படிடா ஒட்டறது?"

டெரிக் கேப்டனுடைய மருமகன். வீட்டோடு மாப்பிள்ளை. போன மாதம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேப்டனின் புறாக் கூண்டைச் சாய்த்துவிட்டான். இனி இந்த வீட்டில் ஒரு சாமான் உடைந்தாலும் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கேப்டன் சொல்லிவிட்டார். கேப்டன் மகள் ஜில்லியனுக்கு இது ஏழாம் மாதம். வெளியே போனால் கப்பல் பழுதுபார்க்கும் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஈரம் ஊறும் வாடகை அறைகள்தான் கதி. குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே ஒரு குளிர்காலம் தாங்காது. கேப்டன் பக்கத்து ஊர் லௌத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மாலை பஸ்ஸில் வந்துவிடுவார். அதற்குள் படம் கணப்புக்கு மேலே பழையபடி தொங்க வேண்டும். இவ்வளவையும் டெரிக் மூச்சு வாங்கச் சொன்னான். முழுதாக நம்பவில்லை என்றாலும் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

கையிருப்பில் இருந்த பட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்று ஒடுக்கம். அதை வைத்தால் பழைய பட்டை இத்தனை வருஷம் மறைத்திருந்த இடம் வெளியே தெரிந்தது. வெயில் படாத தண்ணீர் அங்கே கரும்பச்சையாக, நேற்று வரைந்தது மாதிரி ஒரு கோடு. மேலே மற்றதெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. குருடனுக்கும் தெரியும். இன்னொன்று அகலம். அது கப்பலின் பேருக்கு அடியில் இருந்த அலையைத் தின்றது. கேப்டன் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அலையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

அதை இழைத்துப் போட்டாலும் கீழே வெளிச்சத்தில் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வழி இருந்தது. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே நீளம். மேலே இருக்கிற பட்டை அட்டையின் நிழலில் கிடக்கும்; யாரும் கவனிக்க மாட்டார்கள். அதைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அகலமானதை இழைத்துச் சாயம் ஏற்றி மேலே ஒளித்துவிடலாம். டெரிக்கிடம் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. கடிகாரத்தைப் பார்க்காதே, அது எனக்குப் பிடிக்காது என்று அவனைச் சன்னலோரம் நிற்க வைத்தேன்.

மெல்லிய கத்தியைப் பின்பக்கம் விட்டு மேல் பட்டையைக் கிளப்பினேன். சீக்கிரம் வந்துவிட்டது. வரக்கூடாத சீக்கிரம். பக்கத்துப் பட்டைகள் எலும்புப் பசையில் கல் மாதிரி ஒட்டியிருந்தன; இதில் வேறு ஏதோ வெள்ளைப் பசை. வெளிச்சத்தில் திருப்பினேன். மரம் வேறு. மேலே இருந்தது தங்கத் தகடே இல்லை. டப்பாவில் விற்கிற பித்தளைப் பூச்சு. மூலையில் மாவு வைத்து அடைத்திருந்தது. நிழலில் கிடந்ததால் தப்பியது. கீழே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பல்லிளிக்கும்.

"என்ன பெரியவரே?"

"உனக்கு முன்னாடியே எவனோ இந்தத் தந்திரத்தைப் பண்ணியிருக்கான். இப்ப நமக்கு வழியில்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கதவு மணி அடித்தது.

லெகட் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். கையில் தங்கை கொடுத்துவிட்ட கேக் டப்பா. முந்தின பஸ்ஸில் வந்திருக்கிறார். பஸ் சன்னல் வழியாக என் கடை வாசலில் ரொட்டி வண்டி நிற்பதைப் பார்த்து இறங்கிவிட்டார். மேசை மேல் அவருடைய கப்பல் தோலுரித்த மாதிரி கிடந்தது.

"யாரு ஒடச்சது?" என்றார்.

"நான்தான் மாமா." பையன் பின்வாங்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

கேப்டன் அவனைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த மேல் பட்டையை எடுத்தார். தடவிப் பார்த்தார். இது ஏன் இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. இது முதலில் போட்டதில்லை, யாரோ எப்போதோ உடைத்துவிட்டு வேறு செய்து ஒட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"நாலும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு செய்யச் சொல்லி வாங்கிட்டுப் போனேன்." கேக் டப்பாவை மேசையில் வைத்தார். "அந்தப் படத்தைத் தொட்டது நானும் ஆல்மாவும்தான்."

ஆல்மா அவர் மனைவி. போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவர் மூன்று வாரம் கடலில், மூன்று நாள் கரையில் என்று இருந்த காலம் முழுக்க அந்த வீட்டில் தனியாக இருந்தவள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அவ."

டெரிக் வாயைக் கொடுத்தான். "நானும் சொல்லியிருக்க மாட்டேன் மாமா."

போச்சு என்று நினைத்தேன். அந்த மனுஷன் ஒருகாலத்தில் கப்பல் மேல்தளத்தில் ஆட்களைக் கைநீட்டி அடித்தவர். ஆனால் அவர் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் முன்னால் வைத்தார்.

"இது இருந்த எடத்துலேயே இருக்கட்டும். கீழ மட்டும் புதுசு போடு."

ஒத்துப்போகாது, பளிச்சென்று தெரியும் என்றேன்.

"தெரிஞ்சா தெரியட்டும்."

கேக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். டெரிக் என் சட்டைக் கையைப் பிடித்தான்.

"பெரியவரே, நாங்க இப்ப மூட்டை கட்டணுமா வேணாமா?"

"என்னைக் கேட்டா? நானா வீட்டுக்காரன்?"

இரண்டு பேரும் சன்னல் வழியாகப் பார்த்தோம். கேப்டன் எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்றார். பஸ் வந்து நின்றது. போனது. அவர் ஏறவில்லை. தெருவைக் கடந்து திரும்பி வந்து ரொட்டி வண்டியின் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி அங்கேயே நின்றார்.

"சாவியை எடுத்துக்கிட்டு ஓடுடா," என்றேன்.