சுழி போடாத அட்டை

பாட்டில் ஸ்டாண்டில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. நகத்துக்குத்தான் தெரியும். கட்டைவிரல் நகத்தைக் கம்பியின் கழுத்தில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனால் ஓரிடத்தில் தட்டி நிற்கும். அன்று சாயங்காலம் பதினேழாம் நம்பர் சைக்கிளில் என் நகம் அப்படித் தட்டி நின்றது. திரும்ப ஒருமுறை இழுத்தேன். அதே இடம். கிளாம்ப் திருகுக்கு ஒரு விரல் கீழே, பாட்டிலின் மொத்தப் பாரமும் வந்து உட்காரும் இடம்.

எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போகிறவர்களுக்காக நாற்பது சைக்கிள்கள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊரெல்லாம் எவ்வளவு தண்ணீர் செலவானது என்று எழுதி வருகிறவர்களுக்குக் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடைப்பதில்லை என்று ஒரு கோடையில் பேச்சு கிளம்பியது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், அதை வைக்க சைக்கிளுக்கொரு ஸ்டாண்டும் கொடுத்தார்கள். சைக்கிள்கள் பழசு. குழாயில் திருகு போடத் துளை கிடையாது. அதனால் ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மாட்டினோம். பாட்டில் முன்சக்கரத்துக்கு நேர் மேலே தொங்கும்.

முதலில் வந்தவை இரும்புக் கம்பி ஸ்டாண்டுகள். துருப்பிடிக்கும், வளையும், பாட்டிலின் வயிற்றில் கோடு போடும். ஆனால் இரும்பு சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் தளரும், பிறகு கிறீச்சிடும், பிறகு தலை சாயும். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, விட்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். பார்க்க லட்சணமாக இல்லை என்று மேலிடத்தில் யாரோ சொல்ல, அடுத்து அலுமினியத்தில் வந்தன. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அத்தனை லேசு, அத்தனை பளபளப்பு. எங்கள் ஊர்ச் சாலைகளில் மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. அலுமினியம் எதையும் வெளியே காட்டிக்கொள்ளாது. காலையில் சிரித்துக்கொண்டு போகும், மத்தியானம் இரண்டாக வரும். எங்கள் மெஷினில் அதை வெல்டிங் வைக்கவும் முடியாது. நெருப்பைக் காட்டியதுமே உருகிச் சொட்டிவிடும்.

முன்பெல்லாம் ஓட்டக் கூடாத சைக்கிளின் சீட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். எல்லாருக்கும் புரியும். அதை மாற்றியது நான்தான். நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். என் மனைவி கரண்ட் பில்லை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொண்டதைச் சும்மா வைத்திருக்க மனம் கேட்கவில்லை. அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்து அட்டைகள் செய்தேன். ஓடக் கூடாத வண்டிக்கு ‘ஓட்டாதே’ என்று எழுதினேன். இன்னொரு அட்டையும் தேவைப்பட்டது. காலை ஷிப்டில் வரும் வெல்டர் தெரியாத்தனமாக இரண்டு அலுமினிய ஸ்டாண்டுகளை உருக்கிவிட்டிருந்தார். விளிம்பில் மட்டும் விரிசல் விட்ட ஸ்டாண்டுகளால் ஆபத்தில்லை. வண்டி ஓடலாம், ஸ்டாண்டை மட்டும் வெல்டிங்குக்கு எடுக்கக் கூடாது, புதிது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். அதை எழுத வேண்டும். ‘வெல்டிங்’ என்பதில் கொம்பு, புள்ளி, கொக்கி என்று ஒரு ஆள் தாங்க முடியாத வேலை இருந்தது. வெல்டிங்கும் ஒட்டுவேலைதானே. சின்னதாக ‘ஒட்டாதே’ என்று எழுதினேன். இரண்டு அட்டைகளுக்கும் முதலெழுத்தின் அடியில் ஒரு சுழிதான் வித்தியாசம். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குறிலும் நெடிலும் என் கைக்கு வந்துவிட்டதே!

அட்டைகளைப் பார்த்த நாளிலிருந்து சாவிக்காரர் என்னைப் புலவரே என்றுதான் கூப்பிட்டார். சாவி வாங்கும் ஜன்னலுக்குள் உட்கார்ந்து, எந்த சைக்கிள் யாருக்கு என்று முடிவு செய்வது அவர் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மீட்டர் பார்க்கப் போய் மூடாத பள்ளத்தில் சைக்கிளோடு விழுந்தவர். இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. உட்கார்ந்து எழுந்திருப்பதற்கே ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

“என்ன புலவரே, இன்னைக்கு எத்தனை பாட்டு?” என்பார் தினமும்.

“நாலு.”

“நாலுதானா? சரக்கு தீந்துபோச்சா?”

பதினேழாம் நம்பருக்கு எழுதிய அன்று ஒன்பது பாட்டு. அதுதான் ஒன்பதாவது. காலையிலிருந்து குனிந்து நின்ற முதுகு மரக்கட்டையாகியிருந்தது. வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்களில் மணல் உறுத்தியது. மை இறங்காத பேனாவைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து எழுதி, ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுக் கை கழுவப் போனேன். எழுதியது என்னவோ ‘ஓட்டாதே’தான். என் மனதில் அதுதான் எழுதியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்குள் செய்தி வந்துவிட்டது. பதினேழாம் நம்பரை எடுத்துக்கொண்டு போனது மின்னல். எல்லாரும் திரும்பி வந்து டீ குடித்து முடித்த பிறகு வந்து சேர்வதால் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஒரு வீட்டில் நாலு வார்த்தை பேசாமல் மீட்டர் மூடியைத் திறக்க மாட்டாள். பாலத்து இறக்கத்தில் ஸ்டாண்டு கழுத்தோடு முறிந்து, பாட்டில் முன்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் விழுந்திருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தாடையில் ஐந்து தையல்.

மத்தியானம் அதிகாரி அம்மா என்னையும் சாவிக்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“அட்டை கட்டியிருந்ததா?”

“கட்டியிருந்தேன் மேடம்.”

“என்ன எழுதினீங்க?”

“ஓட்டாதேன்னு.”

சாவிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “இல்ல மேடம். ஒட்டாதேன்னுதான் இருந்துச்சு. அதான் குடுத்தேன். எனக்குப் போனது இடுப்புதான் மேடம், கண்ணு இல்ல.”

“அட்டை எங்கே?”

“அந்தப் பொண்ணு கையிலயே குடுத்துட்டேன். சாயங்காலம் ஸ்டோர்ல காட்டிப் புது ஸ்டாண்டு வாங்கிக்கோன்னு. விழுந்த இடத்துல எங்க போச்சோ.”

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “இவர் ரெண்டு வருஷமா எழுதுறார். ஒரு தப்புகூட நான் பாத்ததில்ல. நீங்கதான் அவசரத்துல சரியாப் படிக்கல.”

என் எழுத்துக்காக ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ இடத்தில் மை தடவிய கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றவன் நான். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தச் சுகத்தில், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன ஆகிறது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழுந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவர் ஜன்னலில் உட்கார வேண்டாம். மின்னல் திரும்பி வரும்வரை அவளுடைய தெருக்களுக்கு அவர் போக வேண்டும். சைக்கிளில்.

வெளியே வந்ததும் சாவிக்காரர், “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு புலவரே. எனக்குத்தான் பொருள் விளங்கல போல” என்றார். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மின்னலைப் பார்க்கப் போனேன். நசுங்கிய பாட்டிலைத் தட்டி நேராக்கி எடுத்துக்கொண்டேன். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்து, வந்தவனை விடக் கூடாது என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் டீ போட உள்ளே போனார்.

“வலிக்குதாம்மா?”

“வலி பரவாயில்லண்ணே. உள்ள அரிக்குது, சொறிய முடியல. இவர் கிட்ட ஈர்க்குச்சி கேட்டா டாக்டர் திட்டுவாருங்குறார். டாக்டருக்கா அரிக்குது?”

பேச்சு டாக்டரிலிருந்து நர்ஸுக்கும், நர்ஸின் மாமியாருக்கும் போய்த் திரும்பியது. திடீரென்று இடது கையால் தன் பையை இழுத்து உள்ளே துழாவினாள்.

“இத மறந்துட்டேன் பாருங்க. சாவிக்கார அண்ணன் குடுத்தது. ‘புலவர் ஒட்டாதேன்னு பாடியிருக்காரு, வரும்போது புதுசு வாங்கிக்கோ’ன்னார். இப்ப போய்க் குடுத்தா தருவாங்களாண்ணே?”

என் அட்டைதான். அழுக்கு நூல், ஓரத்தில் என் எண்ணெய்க் கைரேகை. ‘ஒட்டாதே’. முதல் எழுத்து வளைந்து வந்து, அடியில் சுழிக்க வேண்டிய இடத்தில் சுழிக்காமல் நின்றுவிட்டிருந்தது. அட்டையைச் சாய்த்துப் பார்த்தேன். மை அழிந்திருக்குமோ என்று நகத்தை வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. நகம் எங்கேயும் தட்டவில்லை.

“என்னண்ணே, உங்க எழுத்த நீங்களே புதுசா பாக்குறீங்க?”

அவளுடைய கட்டுப்போட்ட கை, தாடைத் தையல், தலையணை உறை, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. வாயைத் திறந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. குடித்தேன். புது ஸ்டாண்டு வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பேனா. பழைய பேப்பர் ஓரத்தில் சுழி போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, பத்து. எல்லாம் ஒழுங்காக வந்தன. மனைவி கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் நடந்தது அவளுக்கு ஏற்கனவே தெரியும்.

“சுழிய முழுங்கிட்டீங்களா?”

“ம்.”

“களைச்சுப்போனா மொதல்ல சுழியத்தான் முழுங்குவீங்க. எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

அடுத்த பட்டனுக்கு நூல் கோத்தாள். ஊசிக் கண் கிடைக்காமல் இரண்டு தடவை தவறியது.

“ஒரு சுழிதானே?” என்றாள் தலை நிமிராமல். “போட்டா யாருக்குத் தெரியப்போவுது? கை நடுங்காமப் போடுங்க.”

அவள் நிஜமாகச் சொல்கிறாளா, என்னை ஆழம் பார்க்கிறாளா என்று இருபத்தாறு வருஷம் ஆகியும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பேனாவை அட்டைக்கு அருகே கொண்டுபோனேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூடியைப் போட்டு மூடினேன். என் சட்டையைக் கழற்றச் சொல்லி, தளர்ந்திருந்த மேல் பட்டனை இறுக்கித் தைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலையாகப் பழைய இரும்புச் சாமான் குவியலைக் கிளறினேன். அடியில் ஓர் இரும்பு ஸ்டாண்டு கிடைத்தது. துருவைத் தேய்த்து, கழுத்தில் ஒரு வெல்டிங் கூடுதலாக வைத்து, சாவிக்காரருக்கு ஒதுக்கிய வண்டியில் மாட்டினேன். சீட்டைக் கடைசி வரைக்கும் கீழே இறக்கினேன். அவர் வந்தார். ஸ்டாண்டைப் பார்த்தார்.

“என்ன புலவரே, ராஜ மரியாதை?”

“கொஞ்சம் நில்லுங்க. கிளம்பாதீங்க.”

“நின்னா வெயில் ஏறிடும்யா.”

“அஞ்சு நிமிஷம்.”

மாடிப்படி ஏறினேன். அதிகாரி அம்மா அப்போதுதான் கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அட்டையை மேசைமேல் வைத்தேன்.

“அந்தப் பொண்ணு பையில இருந்துச்சு மேடம்.”

அவர் எடுத்தார், ஒரு பார்வை பார்த்தார், திருப்பி என் பக்கமே தள்ளினார். “ஓட்டாதே. சரியாத்தானே எழுதியிருக்கீங்க. நான் அன்னைக்கே சொன்னேனே.” ஒரு கோப்பைத் திறந்தார். “ஃபைல்ல வச்சிடலாம். நல்லதாப் போச்சு.”

சுழியை நான் போட வேண்டியதே இல்லை. படித்தவர்கள் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. மொத்தமாகப் பார்த்து, தாங்கள் நினைத்ததைப் படித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வளைவையும் தடவித் தடவிப் போகிறவன் நான் ஒருவன்தான். இல்லை, சாவிக்காரரும் அப்படித்தான் படித்திருக்கிறார். இருந்ததை இருந்தபடி.

ஜன்னல் வழியாகக் கீழே முற்றம் தெரிந்தது. அவர் சைக்கிளின் மேல் காலைப் போட முயன்றுகொண்டிருந்தார். கால் பாதிவரைதான் போயிற்று. இறக்கிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“இன்னொரு தடவ பாருங்க. மொத எழுத்து.”

“என்ன?”

“அடியில பாருங்க. சுழி இல்ல.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரல் நுனியை முதல் எழுத்தின் தலையில் வைத்து, வளைவோடு மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். கீழே, ஒன்றுமில்லாத இடத்தில், அந்த விரல் தட்டியது போல நின்றது. முற்றத்தில் சாவிக்காரர் ஸ்டாண்டில் வைக்கும் பாட்டில் இரும்பில் உரசி இறங்கும் சத்தம் கேட்டது.