எண்ணெய் பட்ட தழும்பு

முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று அப்பாதுரை முதல் நாளே சொல்லிவிட்டான்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவன் மனைவி புனிதாவின் புடவையை விலக்கிப் பார்த்த நர்ஸ், "வயித்துல இதென்ன, வட்ட வட்டமா?" என்று கேட்டாள். பதிலை அவன் வரும் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தான். காரணம் திண்டிவனம். காலையில் அங்கே ஒரு கிளினிக்கில் உண்மையைச் சொல்லப்போய், டாக்டர் சீட்டைத் தூக்கி மேசையில் எறிந்தார். "சூடு போட்டுட்டு கடைசில எங்கிட்ட வருவீங்க. எந்த டாக்டரும் தொடமாட்டான், போ." புனிதா அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். இன்னொரு வாசலிலும் அப்படி விரட்டினால் அவளை எங்கே கொண்டுபோவது?

நடந்தது இவ்வளவுதான். பிரம்மதேசத்தில் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாளாகியும் விடவில்லை. கண் மஞ்சளடித்தது. பொங்கலுக்கு வந்திருந்த அப்பாதுரையின் அக்கா பாஞ்சாலி, காமாலைதான் என்று சொல்லி அவளை முகையூர்ப் பக்கம் அழைத்துப்போனாள். அங்கே ஒரு அம்மாள் விரலி மஞ்சளை நெருப்பில் காட்டி வயிற்றில் வைத்து அனுப்பினாள். அப்பாதுரை பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். அன்று மோட்டார் பழுது, கூடப் போகவில்லை.

நர்ஸ் 'எண்ணெய் பட்ட புண்' என்று எழுதிக்கொண்டாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். கிட்னிக்கு ஒருவர், நுரையீரலுக்கு ஒருவர், கல்லீரலுக்கு ஒருவர். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் வாயில் குழாய் போட்டு மெஷினோடு இணைத்தார்கள். நான்காம் நாள் சிறுநீர் நின்றது. எல்லோரிலும் சிறியவளான டாக்டர் பானுப்ரியாதான் தினமும் வெளியே வந்து அவனிடம் பேசினாள். "பாத்துக்கினேதான் இருக்கோம். காரணம் மட்டும் புடிபடல."

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பாஞ்சாலி வந்தாள். ஐசியூவுக்குள் பத்து நிமிஷம் விட்டார்கள். வெளியே வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னாடா தொர, பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஆளாளுக்கு வந்து பாத்துட்டுப் போறாங்க. ஒருத்தனாச்சும் வாயத் தொறக்கறானா?"

"பாத்துக்கினுதான் இருக்காங்க."

"கிழிச்சாங்க. சூடு வெச்ச எடம் ஆறிக்கினு வருது, அது வரைக்கும் நல்லது."

"நாலும் ஆறிடுச்சா?"

"நாலா? மூணுதான வெச்சாங்க. தொப்புளுக்கு வலது பக்கம் மூணு. நான்தான அவ கையப் புடிச்சிக்கினு இருந்தேன்."

அப்பாதுரை அவளைப் பார்த்தான். ஆம்புலன்ஸில் புடவை விலகியபோது அவன் நான்கைப் பார்த்திருந்தான். நான்காவது இன்னும் கீழே, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில். அதையும் அந்த அம்மாள்தான் வைத்தாள் என்று நினைத்திருந்தான்.

"அக்கா, ஒழுங்கா யோசிச்சு சொல்லு."

"இன்னாத்த யோசிக்கிறது? அவ கத்துன கத்து மூணு. இன்னும் என் காதுல கீது."

அவன் எழுந்தான். பாஞ்சாலி சட்டையைப் பிடித்தாள். "எங்கடா போற? சொல்லிக்கில்லித் தொலைச்சிடாத. போலீஸு கேஸாயிடும். அந்தம்மாவையும் என்னையும் இட்டுக்கினு போயிடுவாங்க. அதோட இவளையும் வெளிய தள்ளுனா இன்னா பண்ணுவ? அந்த மெஷின ஊட்டுக்குத் தூக்கிக்கினு போவியா?"

அவன் உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தான் என்பதைத்தான் பிற்பாடு அவனால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தது. இரண்டு முறை பானுப்ரியா அவனைக் கடந்து போனாள். இரண்டு முறையும் எழுந்து நின்று, கும்பிட்டு, உட்கார்ந்தான். நாலரை மணிக்கு கல்லீரல் டாக்டர் வெளியே வந்து, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அதற்கப்புறம் பயப்பட எதுவும் பாக்கியில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். செக்யூரிட்டி கையைப் பிடித்து இழுத்தான்.

"டாக்டரம்மா, எண்ணெ இல்ல. பொய் சொல்லிட்டேன். சூடு. ஆனா மூணுதான் வெச்சது. நாலு கீது, நீங்களே எண்ணிப் பாருங்க."

பானுப்ரியா திட்டவில்லை. போர்வையை விலக்கி, டார்ச் அடித்துக் குனிந்தாள். விரலால் தடவினாள். நிமிர்ந்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், டாக்ஸிசைக்ளின் ஊசி. இப்பவே. ஓடுங்க."

பிறகு அவனிடம் சொன்னாள். நான்காவது சூடு இல்லை, கொல்லைப் புல்லில் இருக்கும் ஒரு பூச்சி கடித்தது; இந்தக் காய்ச்சலே அதனால்தான். கடுகைவிடச் சின்னது. கடித்தால் வலிக்காது, அரிக்காது. கடித்த இடம் மட்டும் கருகினது போல நிற்கும். அந்தக் காய்ச்சலுக்கான டெஸ்டை முதல் நாளே எடுத்தார்கள், இல்லை என்று வந்தது, விட்டுவிட்டார்கள். சில பேருக்கு ஆரம்பத்தில் அப்படித் தப்பாக வருமாம். மருந்து விலை சொற்பம். திண்டிவனத்திலேயே எந்த மெடிக்கலிலும் கிடைக்கும்.

"பொழச்சுக்குவாளா?"

"இன்னிக்கு ராத்திரி தாண்டட்டும்."

அந்த ராத்திரி தாண்டியது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. பாஞ்சாலி செவிலியர்களுக்கெல்லாம் வாழைப்பழம் கொடுத்தாள். ஆனால் காய்ச்சல் இறங்கியும் கிட்னியும் நுரையீரலும் பழையபடி வேலை செய்யவில்லை. ஏழாம் நாள் காலை, உடம்பில் சூடே இல்லாமல், புனிதா இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து பானுப்ரியா போன் செய்தாள். இந்த நோயைப் பற்றி டாக்டர்கள் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறாளாம். பேர் வராது, முகம் வராது. கணவர் சம்மதம் வேண்டும். அவன் திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்தான்.

எழுதியிருந்ததை அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். 'சூடு போட்ட விவரம் முதலில் கிடைக்கவில்லை' என்ற இடத்தில் அவன் கை உயர்த்தினான்.

"கெடைக்கலன்னு எழுதாதீங்க மேடம். புருஷன் பொய் சொன்னான்னு எழுதுங்க. தெரிஞ்சப்புறமும் அஞ்சரை மணி நேரம் வாயத் தொறக்கலன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. அப்புறம், நானும்தான் அஞ்சு நாள் பாத்தேன். புண்ணுன்னு எழுதியிருந்தத நம்பினேன். குனிஞ்சு பாக்கல. அதையும் பத்திரிகைக்காரங்க போட விடமாட்டாங்க."

"மொத நாளே சொல்லியிருந்தா?"

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். "பொழச்சிருக்க வாய்ப்பு அதிகம்."

வேறு யாரும் இதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் விதி என்றார்கள், நேரம் என்றார்கள். அவன் தலையாட்டினான்.

கட்டுரையோடு வரப்போகும் படத்தை அவள் காட்டினாள். வயிற்றில் ஒரு கையகலத் தோல், அவ்வளவுதான். நான்கு கருப்பு வட்டங்கள். அவன் நெடுநேரம் பார்த்தான். எது மஞ்சள் சுட்டது, எது பூச்சி கடித்தது என்று இப்போதும் அவனால் சொல்ல முடியவில்லை. அவள் விரலை வைத்தாள். "இது. ஓரத்துல செவப்பா வளையம் தெரியுதா?"

"யாரு பாப்பாங்க இத?"

"எங்கள மாதிரி புதுசா வர்ற டாக்டருங்க."

"குனிஞ்சு பாப்பாங்களா?"

"பாக்கணும்னுதான் போடறேன்."

அவன் படிவத்தை வாங்கினான். 'மேற்கண்டவை எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே, கோட்டுக்கு மேலேயே நிற்கும்படி மெதுவாக, தன் முழுப்பெயரையும் எழுதினான்.