ஆள் உயரக் கண்ணாடி

அப்புத்துரை பஞ்சாங்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டிருந்தார். வியாழன் அட்டமி. வெள்ளி நவமி. சனி மரணயோகம். திங்கள் கரிநாள். அவருடைய பெண்சாதி நாகேஸ்வரி அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பளைத் தென்னந்தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அவளுடைய மச்சான் கடிதம் போட்டிருந்தார். முதலாளி வீட்டார் கொழும்புக்குப் போகிறார்களாம். வாற கிழமை வியாழன் தொடக்கம் திங்கள் வரை பங்களா சும்மா கிடக்குமாம். பிள்ளைகளோடு வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போகலாமாம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டி நூறு வருசமான வீடு அது. இனி எப்போது வாய்க்கும்?

"ஞாயிறு," என்றார் அப்புத்துரை, அந்த நாளையே தான் படைத்தவர் மாதிரி. "சூலம் மேற்கை. நாங்கள் போறது வடக்கை. திறமான நாள்!"

பிள்ளைகள் மூன்றும் வீட்டை இரண்டாக்கின. கிளிநொச்சி வரை வண்டில், அங்கே ரயிலடியிலிருந்து காலைக் கோச்சி. கோச்சியில் யார் யன்னல் பக்கம் இருப்பது என்று அன்றைக்கே அடிபாடு தொடங்கிவிட்டது. எத்தனை முட்டை பொரிப்பது, புட்டை எந்த இலையில் கட்டுவது என்று நாகேஸ்வரியும் வாய் ஓயாமல் கதைத்தாள். மனதுக்குள் இருந்த கதையை மட்டும் ஒருவரிடமும் விடவில்லை.

அந்தப் பங்களா மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி நிற்கிறதென்று மச்சான் ஒருமுறை சொல்லியிருந்தார். வட்டக்கச்சிக்குக் குடியேறி வந்து எட்டு வருசம். இந்த வீட்டில் உள்ளது அப்புத்துரையின் சவரக் கண்ணாடி ஒன்றுதான். அதில் கண்ணைப் பார்த்தால் நாடி தெரியாது, நாடியைப் பார்த்தால் கண் தெரியாது. கலியாணத்தன்று கூறைச் சேலையில் அவள் நின்ற வடிவை ஊரே பார்த்துப் புகழ்ந்தது. பாராதது அவள் ஒருத்திதான்! முப்பத்துமூன்று வயதில் இப்படி ஓர் ஆசை என்று வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தால் சிரிக்கட்டும், கூறையைக் கட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒருதரம் நிற்கத்தான் வேணும் என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

புதன்கிழமை பின்னேரம் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் விதானையார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று கூப்பிட்டார். "அப்புத்துரை, ஞாயிறு விடிய உன்ரை தண்ணி முறை. மறந்திடாதை!"

பஞ்சாங்கத்தில் எல்லாம் இருந்தது, வாய்க்கால் மட்டும் இல்லை. நெல்லு கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம். இந்த முறையை விட்டால் அடுத்தது எட்டு நாள் கழித்துத்தான். அதற்குள் பயிர் கருகிவிடும். சனிக்கிழமை முறை பக்கத்து வயல்காரர் செல்வநாயகத்துக்கு. மாற்றிக் கேட்கலாம்தான். ஆனால் வரம்பு வெட்டின சண்டையில் இரண்டு வருசமாக இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை.

"அவனிட்டைப் போய்ப் பல்லிளிக்கிறதிலும் பாக்க அந்தப் பங்களா இடிஞ்சு விழட்டும்," என்றார் அப்புத்துரை.

"உங்கடை வாயிலை கொள்ளி!" நாகேஸ்வரிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே நடந்தாள்.

செல்வநாயகத்தின் பெண்சாதி அருந்ததி முற்றத்தில் அவித்த நெல்லுக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"அக்கா, சனிக்கிழமை முறையை எங்களுக்குத் தாங்கோ. ஞாயிறு நீங்கள் எடுங்கோ," என்று மூச்சு விடாமல் சொன்னாள் நாகேஸ்வரி.

"ஏனாம்? இவ்வளவு காலமும் நாங்கள் கண்ணிலை தெரியேல்லையோ?"

பிள்ளைகள், பங்களா, கோச்சி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். அருந்ததியின் முகம் இளகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கண்ணாடிக் கதையைச் சொல்லிவிட்டாள், கூறையோடு சேர்த்து.

அருந்ததி நெல்லுக்குள்ளேயே குந்திவிட்டாள். கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு குரல் தாழ்ந்தது. "என்ரை கூறை சிவப்பெண்டு தெரியும். எனக்கு எப்பிடி இருந்ததெண்டு எனக்கும் தெரியாதடி."

"அப்ப வாங்கோவன் அக்கா!"

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த செல்வநாயகம், அருந்ததி போய் முறையையும் பயணத்தையும் மட்டும் சொன்னபோது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "முறையை மாத்துறன். தண்ணிக்கு நான் நிக்கிறன். ஆனா அவர் வந்து என்னோடை கதைக்கத் தேவையில்லை," என்றார். சனிக்கிழமை அப்புத்துரையும் வாய் திறவாமலே தண்ணீர் பாய்ச்சி முடித்தார்.

ஞாயிறு விடிய வண்டில் வாய்க்கால் கரையால் வந்தது. புட்டு வாசம் ஊரெல்லாம் அடித்தது. வாய்க்கால் மதகுத் துலுசடியில் முழங்காலளவு தண்ணீரில் மண்வெட்டியோடு நின்றார் செல்வநாயகம். வண்டிலின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடுவே கூறைச் சேலையில் இரண்டு பெண்கள், தலையில் பூவோடு, ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வநாயகம் வாயைப் பிளந்தார். "டேய் அப்புத்துரை! என்னடா இது, ஆருக்குக் கலியாணம்?"

அப்புத்துரை கயிற்றைப் பிடித்து மாட்டை நிறுத்தினார். "எனக்கெண்டாத் தெரியாதடா. இவையளைக் கேள்!"

வண்டில் திருப்பம் தாண்டி மறைந்தது. கட்ட வேண்டிய மடையைக் கட்டாமல், மண்வெட்டியைத் தோளில் போட்டபடி செல்வநாயகம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரம்பு கடந்து இரண்டு வயலுக்கும் பாய்ந்துகொண்டிருந்தது.