ஐஸ் வாசலுக்கு எந்த உப்பு?

ஆள் செத்த பிறகுதான் உப்பு வந்தது. அதுவும் ஒரு மூட்டை அல்ல, இரண்டு மூட்டை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த மீன் குளிரறையின் முன்நடையில், ஒன்றில் கல்லுப்பும் மற்றதில் தூள் உப்புமாக அன்ஸார் மனேச்சர் இறக்கி வைத்தார். றஹ்மாவின் புருஷன் முனாப் உயிரோடு இருந்தபோது ஒரு பிடி உப்புக்காக இதே ஆளிடம் எவ்வளவு கெஞ்சினான்! இரும்புக் கதவு கறள் பிடிக்கும் என்று சொல்லி அவனை விரட்டிவிட்ட மகராசன்தான் இவர்.

சண்டைக் காலம். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் குளிரறைக்குள் உறைந்திருந்தது உருகி முன்நடைக்கு ஓடிவரும். திரும்பி வந்தால் உள்ளிருக்கும் குளிர் முன்நடைக்கும் பரவி அந்தத் தண்ணீர் சீமெந்துத் தரையில் கண்ணாடிபோல இறுகிவிடும். ஐஸ்கட்டியைத் தோளில் சுமந்து வந்த முனாப் அதில் வழுக்கி விழுந்தான். பின்மண்டை படியில் அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டான்.

அன்ஸார் என்ன சொன்னார் தெரியுமா? பொலிசில் சொன்னதோடு நிற்காமல், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னார்.

"மௌத்தான மனிசனப் பத்திச் சொல்லக்கூடாதுதான். ஆனா வாயில சாராய வாடை வந்திச்சி."

சாராயத்தின் நிறம்கூடத் தெரியாத மனுஷனைப் பற்றிய கதை பக்கத்து ஊரான கிண்ணியா வரைக்கும் போனது. மகள் அசனாவைப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார், குடிகாரன் மகள் வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு அன்ஸார் பெரிய மனது பண்ணி, தரை கூட்டி உப்புப் போடும் வேலையை றஹ்மாவுக்குக் கொடுத்தார். ஊர் அவரைப் புகழ்ந்தது. றஹ்மா தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

எந்த உப்பு என்ன செய்யும் என்பது அவளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கல்லுப்பு மெதுவாகத்தான் இளக்கும். ஆனால் காலுக்குக் கீழே நறநறவென்று பிடிமானம் தரும், கனநேரம் நிற்கும். தூள் உப்பு தூவிய கையோடு ஐஸை இளக்கிவிடும். பிறகு கூரையிலிருந்து சொட்டும் நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டால், தரை முன்னிலும் மினுக்கமாக மறுபடி இறுகும்.

ஒருநாள் அன்ஸார் அவளைக் கூப்பிட்டார். பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் மறுநாள் காலையில் வருகிறார்களாம். அகதி முகாமுக்கு அவர் கொடுக்கப்போகும் மீனை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாம்.

"முன்நடை சுத்தமா இரிக்கோணும், விளங்கினதா?"

"எந்த உப்பப் போட, சேர்?"

"எந்த உப்பாயிருந்தா என்ன? உப்பு உப்புத்தானே."

விடிந்ததும் றஹ்மா தூள் உப்பு மூட்டையை அவிழ்த்தாள். மீன் கழுவும் பாக்கியரத்தினம் பதறிப்போனாள்.

"அதைப் போடாதேங்கோ றஹ்மா, திரும்ப இறுகுமெல்லோ!"

"பாவத்த நான் சுமக்கிறன். நீங்க மீனக் கழுவுங்க."

அன்ஸார் விழட்டும். மண்டை உடைந்தாலும் உடையட்டும். அப்படித்தான் நினைத்தாள், நினைக்க இனிப்பாகவும் இருந்தது. மற்றவர்கள் விழுந்துவிடுவார்களே என்ற கவலை அவளுக்கில்லை. எந்தச் சபையிலும் அன்ஸார்தான் முந்திக்கொண்டு நடப்பார்.

அன்றைக்கும் அப்படியே நடந்தார். "வாங்க, வாங்க" என்று பின்னால் திரும்பிக் கைகாட்டியபடி காலை வைத்தவர், அடுத்த கணம் மல்லாந்து கிடந்தார். பின்னால் வந்தவர்களை றஹ்மா தும்புத்தடியைக் குறுக்கே நீட்டி நிறுத்தினாள்.

"அடியே, உப்பு சரியாப் போடல்லயா?" மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அன்ஸார் கத்தினார். "உப்பில்லாட்டி இந்தத் தரையில ஆராலயும் நிக்க ஏலுமா?"

றஹ்மா அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"சேர், குடிச்சிரிக்கீங்களா?"

மரைக்கார்மாரில் மூத்தவரான ஸுஹைர், செருப்பு நுனியால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"முனாப் விழுந்தது இங்கயா?"

"ஓம். அப்ப உப்பே இரிக்கல்ல. கேட்டதுக்குக் கதவு கறள் புடிக்கும் எண்டு சொன்னவரு இவருதான்."

ஸுஹைர் மரைக்கார் கீழே கிடந்தவரைப் பார்த்தார். அன்ஸார் மறுக்க வாயைத் திறந்தார். ஆனால் உப்பில்லாமல் இங்கே நிற்க முடியாது என்று இப்போதுதான் தன் வாயாலேயே சொல்லியிருந்தாரே!

"வார வெள்ளிக்கிழம தொழுகைக்குப் பொறகு அதே பள்ளி முத்தத்துல நில்லுங்க. முனாப் குடிக்கல்ல எண்டு எல்லாரும் கேக்கச் சொல்லோணும். அசனாவப் பேசின ஆக்களையும் நான் கூட்டி வாறன்."

றஹ்மா கல்லுப்பை அள்ளி வந்து பெரியவர்கள் நடக்கத் தாராளமாகப் போட்டாள். அன்ஸார் கிடந்த இடத்தை எட்ட ஒரு முழம் இருக்கும்போது கையை நிறுத்தினாள்.

"நீங்க தவழ்ந்து வாங்க சேர். எழும்பினா இன்னொருக்கா விழுவீங்க."

மரைக்கார்மார் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் தவழ்ந்துதான் வந்தார்.