கண்ணபுரம் சந்தையில் எடுத்த படம்

பொண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆம்பளைகள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தப் பொறாமையை நெஞ்சில் வைத்துக்கொண்டே, அவள் கேமராப் பையில் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்து, காரில் முன்சீட்டில் உட்காரவைத்துப் படமெடுக்கக் கூட்டிக்கொண்டு போனவர் கோயமுத்தூரில் ரங்கராஜ் ஒருத்தராகத்தான் இருக்கும்.

கணபதியில் அவருக்கு மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை. மகள் கல்யாணமாகி பெங்களூருக்குப் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் கேமரா கிளப்பில் சேர்ந்தார். கண்ணாடிக்கடை இல்யாஸ்தான் அதற்குச் செயலாளர். டாக்டர், பேங்க் ஆபீசர், மில் மேனேஜர், காலேஜ் பிள்ளைகள் என்று கலந்துகட்டின கூட்டம். ஞாயிறு விடிந்தால் சிங்காநல்லூர் குளத்துக்குப் பறவை பார்க்கவோ, கருமத்தம்பட்டிக்குத் தறி ஓடுவதைப் பார்க்கவோ, தாராபுரத்துக்கு ஆற்றங்கரை பார்க்கவோ கிளம்பிவிடுவார்கள். ரங்கராஜ் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. சேர்ந்த சூட்டோடு பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வாங்கினார். அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டு, அதைச் சுமக்க ஒரு முதுகுப்பை. கிளப்பே அவரை "அண்ணா, அண்ணா" என்றது. அவருக்கு உச்சி குளிர்ந்தது.

பொண்டாட்டி ராமாமணியைக் கிளப்புக்குக் கூட்டிப்போனது, ஞாயிறானால் காணாமல் போகிறார் என்று வீட்டில் எழுந்த புகைச்சல் அடங்கட்டும் என்றுதான். ஆனைமலைக்குப் போகிற வாரம், மாசாணியம்மனைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு என்று அழைத்துப்போனார். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று தன் பழைய கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"இந்தப் பட்டன மட்டும் அமுத்து அம்மணி. வேற எதையும் தொட்டுப்போடாத" என்றார்.

அவள் வேறு எதையும் தொடவில்லை. அந்த மாதமே ஜெயித்தாள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம், இல்யாஸ் கடைக்கு மேல்மாடி ஹாலில் எல்லோருடைய படங்களையும் பெரிய திரையில் போடுவார்கள். யார் எடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். நல்லது பொல்லாததை யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பிறகு கை தூக்கி ஓட்டு. ஜெயித்த படத்துக்காரர் முன்னால் வந்து, எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், ஏன் அழுத்தினேன் என்று சொல்லவேண்டும். கதை சொல்லாமல் கைதட்டு கிடையாது.

ராமாமணியின் முதல் படத்தில், மாசாணியம்மன் கோயிலில் வேண்டுதலுக்கு மிளகாய் அரைத்துவிட்டு வெளியே வந்த ஒரு பெண் எரிகிற கையை ஊதிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ள சிரிச்சாளுங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சுங்க. அமுத்திப்போட்டேன்" என்றாள் ராமாமணி. கதை அவ்வளவுதான். ஹாலே கைதட்டியது. ரங்கராஜும் தட்டினார், எல்லோரையும்விடச் சத்தமாக. அன்றைக்கு அது நிஜமான கைதட்டுதான்.

அடுத்த மாதமும் அவளே ஜெயித்தபோது கைதட்டலில் சுருதி இறங்கியது. அதற்கப்புறம் அவருக்கு இரண்டு கையும் ஒன்றோடொன்று சேர மறுத்தன. கிளப்புக்குள் நுழைந்தால் "அக்கா வர்லீங்களாண்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. பீரங்கி லென்ஸை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு ஞாயிறு அவள் பேட்டரியை சார்ஜில் போட மறந்துவிட்டார். மறதிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் அன்றைக்கு செல்போனில் எடுத்து, அதிலும் பேர் வாங்கிவிட்டாள். வீட்டில் அவள் வைக்கிற குழம்பு முன்னைவிட உப்பாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அடுப்படியில் அவள் பாட்டை முணுமுணுத்தால் வயிறு எரிந்தது. சொல்லிக் கொடுத்தவன் நான், வாங்கிக் கொடுத்தவன் நான், கூட்டிப்போனவன் நான், கடைசியில் அக்கா புருஷன் ஆனதும் நான் என்று குமைந்தார்.

இந்த நேரத்தில்தான் கண்காட்சி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கிளப் நடத்துவது. அதற்கான அழைப்பிதழின் முன்பக்கம் முழுக்க ஒரே ஒரு படம், அதற்குக் கீழே எடுத்தவர் பேர் கொட்டை எழுத்தில். ஊர் முழுக்கப் போகும். சம்பந்தி வீட்டுக்குப் போகும், பட்டறைச் சுவரில் ஒட்டலாம். இந்த வருஷம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுக்கிற படங்களில் ஜெயிப்பதுதான் அழைப்பிதழுக்கு என்று இல்யாஸ் சொன்னபோது, ரங்கராஜ் முடிவு செய்துவிட்டார். அந்தக் கொட்டை எழுத்து தன் பேராகத்தான் இருக்கவேண்டும்.

சித்திரை வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்விட்டார்கள். எங்கு பார்த்தாலும் காங்கேயம் காளை, கயிறு, புழுதி. ஓரிடத்தில் ஒரு மயிலைக் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வாயால் அல்ல. இரண்டு பேர் கையைக் கோர்த்து, அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்கிற பழைய முறை. ரங்கராஜ் ஓடிப்போய் நின்று, துண்டையே குறிவைத்து சடசடவென்று அடித்துத் தள்ளினார். ராமாமணி எந்தப் பக்கம் போனாள் என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே இருந்தார்.

வீட்டுக்கு வந்து இருவர் கார்டையும் லேப்டாப்பில் ஒரே இடத்தில் இறக்கினார். இரண்டும் ஒரே கம்பெனி கேமரா. படங்களின் நம்பரும் ஒரே தினுசு. அவள் படம் எது, தன் படம் எது என்று பொறுக்கிக்கொண்டே வந்தவர், ஒன்றில் அப்படியே நின்றார். காளையின் வயிற்றுக்கு அடியிலிருந்து எடுத்த படம். கால்களுக்கு நடுவே, துண்டுக்குள் கோர்த்த இரண்டு கை. அதற்குப் பின்னால், மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் மாட்டை விற்கவே வேண்டாம் என்று தோன்றும்.

துண்டு இருக்கிறது, ஆகவே என் படம் என்று ரங்கராஜ் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவள் பங்கில் போட்டார். எப்போது குனிந்தோம் என்று ஒரு விநாடி யோசனை ஓடியது. அன்றைக்கு அடித்த அடியில் எது ஞாபகம் இருக்கிறது! அதிர்ஷ்டம் வீடு தேடி வரும்போது யாரும் அதனிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு ஹால் நிரம்பியிருந்தது. மாட்டு மணி விற்கிற கடைப் படம் ஒன்று திரையில் வந்தபோது, அது ராமாமணி கொடுத்தது என்று ரங்கராஜுக்குத் தெரியும். எழுந்தார்.

"வெளிச்சம் கூடிப்போயி எரிஞ்சு போச்சுங்க. எதப் பாக்கறதுன்னே தெரியல. அவசரத்துல எடுத்த மாதிரி இருக்குது" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமாமணி, "ஆமாங்க, எரிஞ்சுதான் போச்சு" என்று மெல்லச் சொன்னாள். சண்டைக்கு வந்திருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும்.

அடுத்தது காளைப் படம். ஹால் கப்சிப் என்றாகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. அநேகமாக எல்லாக் கையும் உயர்ந்தது. ராமாமணி கையும் உயர்ந்தது. "இது நம்ம ரங்கராஜ் அண்ணனுதுங்க" என்று இல்யாஸ் அறிவித்ததும் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மைக்கை வாங்கித் திரைப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் கண்டார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், கிளிப்பச்சை நிறத்தில் இரண்டு ஷூ. லேப்டாப்பில் பார்த்தபோது மாட்டுக்குப் போட்ட பச்சைச் சோளத்தட்டு என்று நினைத்திருந்தார். தட்டு இல்லை. மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய ஷூ. வேட்டியும் செருப்புமாக இருந்த அந்தச் சந்தை மொத்தத்திலும் அந்த நிறத்தில் ஷூ போட்டிருந்தவர் ஒருத்தர்தான். அவர் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதே ஷூவோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் நின்ற இடம் படத்துக்கு உள்ளே. எடுத்தவள் எதிர்ப்பக்கம், காளையின் வயிற்றுக்குக் கீழே.

ஒரே ஒரு வாக்கியம் போதும், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாக்கியத்தின் முடிவில் மறுபடியும் அவள் பேர் வரும், மறுபடியும் அந்தக் கைதட்டு வரும். அதை நினைத்ததும் வயிற்றில் பழைய எரிச்சல் எழுந்து வாயைப் பிடித்துக்கொண்டது.

"மாட்டுக்கு அடியில உக்காந்தேனுங்க" என்றார். "அந்தம்மா முகத்தப் பாத்தேன். அந்த முகம்தான் படம்னு தோணுச்சு. காத்திருந்து அமுத்துனேன்."

ஹாலில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள். ராமாமணியும் தட்டினாள்.

கார் காந்திபுரம் தாண்டியது. பாலத்தில் ஏறும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க உக்காந்தேன்னு சொன்ன எடத்துல சாணி கெடந்துச்சுங்க. என்ற சீலையெல்லாம் ஆயிப்போச்சு. அதையும் சேத்துச் சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

ரங்கராஜுக்குக் கோபமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. இரண்டுக்கும் அடியில் அந்தப் பாழாய்ப்போன பொறாமை அப்படியே உட்கார்ந்திருந்தது. பாலத்தை விட்டு இறங்கி, ஒரு பேக்கரி முன்னால் காரை நிறுத்தினார்.

"அங்கயே சொல்லியிருக்கலாமல்ல?"

"நான் எதுக்குங்க சொல்லோணும்? பேசறதுக்கு மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு."

ரங்கராஜ் வண்டியை அணைத்துவிட்டு, உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டார்.

"அந்தத் துண்ட நானுந்தான் பாத்தேன். அந்தம்மாவ நீ எப்படிப் பாத்த?"

"மாடு அவ வளத்துனதுங்க. துண்டுக்குள்ள என்ன வெல ஓடுதுன்னு அவளுக்கு மட்டும் தெரியல. எனக்கு அவளப் பாக்காம இருக்க முடியலீங்க."

அவருக்கு அந்தப் பெண் நின்றதே தெரியாது. அத்தனை பெரிய லென்ஸில் அவள் ஒருமுறைகூட விழவில்லை. இந்த ஜென்மத்தில் இவளை மாதிரி ஒரு படம் எடுக்கப்போவதில்லை என்று அப்போது அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்ததும் பொறாமை தணிந்துவிடும் என்று சொல்வார்கள். தணியவில்லை. ஆனால் அடுத்தவள் படத்துக்குக் கீழே தன் பேரைக் கொட்டை எழுத்தில் பார்த்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைவதை நினைத்தால் அதைவிட அதிகமாக எரிந்தது. போனை எடுத்து இல்யாஸைக் கூப்பிட்டார். கார் ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"இல்யாஸு, அந்தக் காளப் படம் நான் எடுத்தது இல்லீங்க. கார்டு மாறிப்போச்சு. எடுத்தது ராமாமணி. மாறிப்போச்சுன்னு மேடையிலயே தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லாம உட்டுப்போட்டேன்."

மறுமுனையில் இல்யாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"தெரியுமுங்கண்ணா."

"என்ன தெரியும்?"

"அவ்வளவு பெரிய திரையில உங்க காலு தெரியாமப் போகுங்களா? காலேஜ் பையன் உதய்தான் மொதல்ல பாத்தான். எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு. பெரியவங்கள எப்படிக் கேக்கறதுன்னு பேசாம இருந்துட்டோமுங்க. நீங்களே சொல்லிப்போடுவீங்கன்னு, அழைப்பிதழ்ல பேர் வர்ற எடத்த மட்டும் காலியா வெக்கச் சொல்லியிருக்கேன்."

ஹாலில் தட்டின கைகள் ஒவ்வொன்றாக ரங்கராஜ் நினைவுக்கு வந்தன. அத்தனை மரியாதையாக யாரும் அவரை அடித்ததில்லை. பக்கத்தில் ராமாமணி சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"செரீங்கண்ணா, பேர எப்படிப் போடட்டுங்க?" என்றான் இல்யாஸ்.

அந்தக் கேள்வியில் ரங்கராஜுக்கு ஒரு சின்ன இடம் கிடைத்தது. வாலிலாவது ஒட்டிக்கொள்ளலாம்.

"ராமாமணி ரங்கராஜ்னு போட்ருங்க" என்றார் அவசரமாக.

ராமாமணி ஸ்பீக்கர் பக்கம் கொஞ்சம் குனிந்தாள்.

"ஏனுங்க தம்பி, வெறும் ராமாமணின்னு போட்டாப் போதுமுங்க."

"செரீங்கக்கா" என்றான் இல்யாஸ். அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.