என் தங்கச்சி பேசறா, கேளுங்க

பேருந்து நிலைய அறிவிப்பிலிருந்து ஜவுளிக்கடை விளம்பரம் வரை அவள் குரல்தான். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "உன் பேச்சைக் கேட்டாத்தான் பஸ்ஸே கிளம்புது, ரேடியோ" என்று கிண்டல் வேறு. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதால் அக்கா வைத்த பெயர் அது.

இரண்டு வருடங்களாக மருத்துவக் குறிப்பு வீடியோக்களுக்கும் குரல் கொடுத்துவந்தாள். சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய, மின்விசிறி போட முடியாத சிறிய ஒலிப்பதிவு அறை. வாசிக்க வேண்டியது போனில் வரும். எழுதியது யார், எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவள் கேட்டதில்லை. எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்பதுதான் அவள் கவலை.

அக்காவுக்கு இதய வால்வு மாற்றி ஆறு வருடம். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. "கையெல்லாம் சல்லடையாப் போச்சு" என்று புலம்பினாலும் தவறாமல் போய்வருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"மாத்திரையை நிறுத்திட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லையே" என்றார் அத்தான். வீட்டுக்கு ஓடி அலமாரியைத் திறந்து பார்த்தவர், பிரிக்காத மாத்திரை அட்டைகளோடு திரும்பி வந்தார்.

அக்காவின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அஞ்சு வாரமா அம்மா பூண்டுச் சாறுதான் குடிச்சாங்க. ரத்தப் பரிசோதனைக்கும் போகல. நீங்க சொன்னீங்கன்னு சொன்னாங்க, சித்தி."

"நானா?"

மகள் அம்மாவின் போனில் வீடியோவை ஓடவிட்டாள். 'ரத்தம் உறையும் என்ற பயம் இனி வேண்டாம், பூண்டுச் சாறு போதும். மாத்திரைகளுக்கு விடை கொடுங்கள்.' இதமான, ஆதரவான குரல். அவள் குரல். ஒரே நாளில் ஏழெட்டு வாசிப்பாள், அதில் ஒன்று. எப்போது வாசித்தாள் என்றுகூட நினைவில்லை. அதை அக்கா பதினோரு பேருக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: 'என் தங்கச்சி பேசறா, கேளுங்க.'

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் அவள்.

"நான் கேக்கச் சொன்னேன் சித்தி. 'அவளே சொல்லியிருக்கா, அப்புறம் என்னத்தக் கேக்கறது'ன்னாங்க."

அத்தான் மாத்திரை அட்டைகளைச் சட்டைப்பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

வீடியோ போட்டவருக்கு அவள் போன் செய்தாள். "எடுத்துடறேன் மேடம். ஆனா அது எங்கெங்கயோ போயிருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

மறுநாள், அந்தப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்தாள். பலர் பார்த்ததோடு மறந்திருந்தார்கள். அக்காவின் எதிர்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் தன் இதய மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

"அது தப்புங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க" என்று கெஞ்சினாள்.

"அன்னிக்குச் சொன்னதும் நீதான், இன்னிக்குச் சொல்றதும் நீதான். எதை நம்பறது? ரெண்டும் ஒரே குரலாத்தானே இருக்கு" என்றார் தையல்காரம்மா. கோபமில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"என்னை நம்ப வேண்டாம். உங்களுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரைக் கேளுங்க. நானே கூட்டிட்டுப் போறேன், உள்ள வராம வாசல்லயே இருக்கேன்."

அழைத்துப்போனாள். உள்ளே போன தையல்காரம்மா வெகுநேரம் கழித்து வந்து, மாத்திரைச் சீட்டை அவள் கையில் கொடுத்தார். அதை வாங்கும்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இதேபோல அக்காவை அழைத்துப்போயிருக்கலாம்.

அக்கா கண் திறக்கவில்லை. "பேசுங்கம்மா, காதுல விழலாம்" என்றார் நர்ஸ். அவள் அக்காவின் காதருகே குனிந்தாள். ஊருக்கெல்லாம் பேசியவளுக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்தபடியே இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அக்கா போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் அந்த ஒலிப்பதிவு அறைக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்கு மட்டும் தினமும் போன் செய்தாள். இரண்டு வாரம் கழித்து, மகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சித்தி. அப்பாவால உங்க குரலைக் கேக்க முடியல. கொஞ்ச நாள் மெசேஜ் மட்டும் போடுங்களேன்."

'சரி' என்று சொல்ல வாயெடுத்தவள், அத்தான் பக்கத்தில் இருப்பாரோ என்று சட்டென்று நிறுத்திக்கொண்டாள். போனை வைத்துவிட்டு எழுதி அனுப்பினாள்: 'சரிம்மா. அப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.'